அலமாரியில் பூட்டிய பரிசு

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என்னோடு வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஸ்டீபன் வாயை மூட மாட்டான் என்று. அந்த வாய்தான் மார்ச் மாதம் கம்பெனிப் பாதுகாப்பு வாரத்தில் எனக்குப் பரிசு வாங்கித் தந்தது.

"வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள்.

நான் முந்திக்கொண்டு எழுந்து, "தண்ணி ஊத்தவே கூடாது சார். கேஸ நிறுத்தணும், தட்டு போட்டு மூடணும்," என்றேன். நானூறு பேர் கைதட்டினார்கள். வீட்டில் வைக்கிற சின்னத் தீயணைப்பு சிலிண்டர் ஒன்றைக் கொடுத்தார்கள்.

அதை டிவிக்குப் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில், பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்காமல் வைத்துப் பூட்டினேன். என் மனைவி ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்தாள்.

"இத எப்டிய்யா அமுக்கணும்? அடுப்பாண்ட மாட்டுனா நல்லாருக்குமே."

"எண்ணெப் பிசுக்கு ஏறவா? பிரைஸுடி இது. கை வெச்ச, பேஜாராயிடும்."

"உன் பிரைஸ நீயே கட்டிப் புட்ச்சினு தூங்கு," என்று சிரித்தாள்.

அலமாரிச் சாவி என் பைக் சாவியோடு தினமும் கம்பெனிக்குப் போய் வந்தது. மேடையில் சொன்ன பதிலை அவளிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பாவி நான், அவள் என்னிடம் கேட்கத்தானே செய்தாள்!

போன சனிக்கிழமை நான் பகல் ஷிப்டில் இருந்தேன். வடைக்கு எண்ணெய் காயவைத்தவள், தண்ணீர் லாரி சத்தம் கேட்டுக் குடத்தோடு வாசலுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் வாணலி எரிகிறது. குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டாள். தீ குப்பென்று எழும்பி அவள் மேலேயே பாய்ந்தது. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அக்காதான் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்.

வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தக் கையால்தான் அவள் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று அழுதேன். "அந்தக் கண்ணாடிய ஒடச்சி எடுத்திருக்கக் கூடாதாடி?"

"மொதல்ல அங்கதான் ஓடனேன். பூட்டிக் கீது. ஒடச்சா நீ கத்துவியேன்னு திரும்பிட்டேன்."

பிறகு அவளே கேட்டாள்.

"உன் பிரைஸு பத்திரமா கீதுல்ல?"

எனக்கு வாயே வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.