தடுமாறிக்கு ஒரு படம்

நான்கு மணிக்குள் அறுபத்து மூன்றாம் பக்கம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மயிலாப்பூரில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சிறுவர் பதிப்பகத்தில் மர்சலினுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் வேலை. இந்தப் புத்தகம் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போடக் கற்றுத் தருவது. முன்கோபி, பயந்தாங்கொள்ளி, பேராசைக்காரன் எல்லாருக்கும் படம் வந்துவிட்டது. எதையும் தட்டிக் கொட்டிவிடும் தடுமாறிக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

ஓவியர் ஜீஷான் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். ஒன்றில், காக்கையை வேடிக்கை பார்த்தபடி நடக்கிறான் ஒருவன். அவன் குடையின் வளைந்த பிடி காய்கறி வண்டியின் தார்ப்பாயை மாட்டி இழுத்துக்கொண்டு வருகிறது. இன்னொன்றில், கண்ணாடி போட்ட ஒருவன் டீ கிளாஸைத் தூக்குகிறான். டீ முழுக்க எதிரே உள்ள தாள்மேல்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எதுவும் சொல்லாமல் எல்லாரிடமும் படங்களைக் காட்டுவார்கள். எதற்குச் சிரிப்பு வருகிறதோ அதுதான் அச்சுக்குப் போகும். முதலாளி ஷரஃபுதீன் டீப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். பெருக்கிக்கொண்டிருந்த முத்தம்மா எட்டிப் பார்த்து, "வாய் எங்க கீதுன்னு தெரியாமலே டீ குடிக்கிறான் பாரு" என்றாள்.

மர்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை அவளுக்குத் தெரியும். உள்ளறையில் பிழை திருத்திக்கொண்டிருந்த ஹென்றி சாரின் கை. சாந்தோம் கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க அவர் கை நீட்டியபோது அது நடுங்கியதை அவள் பார்த்துவிட்டாள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, தெரிந்தால் வேலை போய்விடும், ஆபீஸில் சொல்லிவிடாதே என்று கோயில் வாசலிலேயே கேட்டுக்கொண்டார். போன வாரம் அவருக்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்த ஜீஷான், கண்ணில் பட்டதைத் தன்னையறியாமல் வரைந்து வைத்திருக்கிறான். எந்தப் பக்கமும் ஹென்றியின் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. இதுவும் அவர் மேஜைக்குத்தான் போகும்.

"குடைப் படமே போகட்டும் பாய்."

யாருமே சிரிக்காத படம் எதற்கு என்று ஷரஃபுதீன் கேட்டார். ஹென்றியை இழுக்காமலே சொல்ல அவளிடம் உண்மையான காரணமே இருந்தது. இப்படிப்பட்ட காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்தாள். தடுமாறுகிறவனைக் கையில் தேடக் கூடாது, கண்ணில் தேட வேண்டும் என்றாள். குடைக்காரன் கண் காக்கைமேல் இருக்கிறது. பின்னால் நடப்பது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. கட்டைவிரலால் காக்கையை மறைத்துக் காட்டினாள். காக்கை போனதும் படம் செத்துப்போனது. ஷரஃபுதீன் தலையாட்டினார். அவளுக்கு உற்சாகம் ஏறியது.

"இவனைப் பாருங்க. புருவத்தைச் சுருக்கி கிளாஸையே பாக்குறான். இருக்கிற கவனமெல்லாம் அதுலதான். இவ்வளவு கவனமாப் பிடிச்சும் சிந்துதுன்னா இவன் தடுமாறி இல்ல பாய். இவனுக்கு ஏதோ..."

நிறுத்தினாள். ஷரஃபுதீன் படத்தைக் கையிலெடுத்து, ஹென்றி போட்டிருப்பதைப் போலவே இருந்த அந்தக் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

ஹென்றி உள்ளறை வாசலிலேயே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வந்து, படத்தை வாங்கிப் பார்த்தார். தாள் அவர் கையில் படபடத்தது.

"மூக்குக் கண்ணாடி நல்லா வந்திருக்கு" என்றார்.

மணி மூன்று ஐம்பது. டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஷரஃபுதீன் தாழ்ந்த குரலில் கேட்டார். காட்டியாயிற்று, மாத்திரை ஓடுகிறது என்றார் ஹென்றி. ஷரஃபுதீன் மேஜைமேல் இருந்த பேனாவைத் தள்ளிவைத்தார்.

"திருத்தறது கண்ணுதானே சார். கையெழுத்து வேணாம், சரின்னு சொல்லுங்க, போதும்."

"கையெழுத்து இல்லாம பக்கம் போகாது பாய்."

ஹென்றி குடைப் படத்தை மேஜைமேல் வைத்து, இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டார். அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பக்கத்தை ஷரஃபுதீனிடம் கொடுத்தார். முத்தம்மாவிடம் ஒரு டீ கேட்டார்.

மர்சலின் பக்கம் அன்று முழுக்க அவர் திரும்பவேயில்லை.