ஏரிக்கரையில் தாய்மாமன்

பாலசுப்பிரமணியனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே விடியற்காலையில் ஓடிப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கல்யாணமோ கருமாதியோ ஆபீஸ் வேலையோ, பெட்டிக்குள் முதலில் போவது ஓடுகிற ஷூதான். ரயிலில் உட்கார்ந்ததுமே கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, இங்கே ஆறு, இங்கே மேடு, இந்தப் பக்கமிருந்து வெயில் வரும் என்று பார்த்து வைத்துக்கொள்வான். பூனாவில் வேலை. முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணமாகவில்லை, அதனால் ஏன் எதற்கு என்று கேட்பாரும் இல்லை.

ஊரில் ஒருத்தி இருந்தாள் கேட்க, அக்கா பிரபாவதி. பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் பங்காருவுக்கு வாக்கப்பட்டவள். அவளுடைய மூத்த பெண் மோனிஷாவுக்குக் காது குத்திய அன்று, தம்பிக்காரன் ஏதோ ஒரு மலையூரில் மாரத்தான் ஓடிக்கொண்டிருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையைப் பங்காளி ஒருவர் மடியில் உட்கார வைத்தார்கள். "தம்பி இருக்கிற பொண்ணுன்னு சொல்லித்தானே கட்டிகினு வந்தோம்" என்று மாமியார் அத்தனை பேர் முன்னால் கேட்டது பிரபாவதிக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது இரண்டாவது பெண் கயல்விழிக்குத் திருத்தணி மலையில் மொட்டையும் காதுகுத்தும். திங்கட்கிழமை, அதுவும் கிருத்திகை. ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்கு முன்னால் காது குத்தியாக வேண்டும்.

"இந்த வாட்டியாவது என் மானத்த காப்பாத்துடா" என்று முந்தின இரவே, மலையடிவாரத்து லாட்ஜில் வைத்து, அக்கா சொல்லிவிட்டாள். அவன் அரக்கோணத்தில் இறங்கி வாங்கிவந்த தோட்டைத் திறந்து பார்த்தாள். சிவப்புக் கல் வைத்த பொடித் தோடு. அவளுக்கு முகம் மலர்ந்தது. "லாட்ஜ் ரூம்ல வச்சுட்டு எங்கயும் போவாத. அந்தப் பூட்டு பேருக்குத்தான். உன் கூடவே வச்சுக்கோ" என்றாள்.

மோனிஷா அவன் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு அது அணைந்து போகும்வரை விளையாடினாள். திருப்பித் தரும்போது, "எனக்குக் காது குத்தும்போது நீ எந்த ஊர்ல ஓடிகினு இருந்த மாமா?" என்று கேட்டாள். குழந்தை சும்மாதான் கேட்டது. பாலுவுக்கு ஊர்ப் பேர் சட்டென்று வாயில் வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு மனிதன் காலையில் எழுந்து குளித்து, வேட்டி கட்டி, அக்கா வீட்டாரோடு மலையேறியிருக்க வேண்டும். பாலு இருட்டு பிரியும்போதே எழுந்தான். அரை மணி நேரம்தான், யாரும் எழுவதற்குள் வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கைபேசி சார்ஜில் இருக்கட்டும், கையில் கடிகாரம் போதும், போகிற வழியை அது பதிந்துகொள்ளும். அக்கா சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்கிற தம்பியாக, தோட்டையும் டவுசரின் ஜிப் வைத்த பைக்குள் போட்டுக்கொண்டான். சொன்ன பேச்சைக் கேட்பதற்கு அவன் பிடித்த நேரம் அது.

மலைக்குப் பின்பக்கம் ஓர் ஏரி இருப்பதை அவன் ரயிலிலேயே கண்டுவைத்திருந்தான். ஊரைத் தாண்டி மண்சாலையில் திரும்பியதும் அது கண்ணில் பட்டது. கரை நெடுகப் பனைமரங்கள். தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது, உச்சியில் கோபுரத்தின் விளக்குகள் இன்னும் அணைக்கப்படவில்லை. எல்லாரும் முன்பக்கமிருந்து கும்பிட்டுவிட்டுப் போகிற மலையை இப்படிப் பின்பக்கமிருந்து எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வளைவு தாண்டினால் வெளிச்சம் இன்னும் நன்றாக விழும் போலிருந்தது. அதைத் தாண்டினான். அடுத்த வளைவில் நாரைகள் நின்றன. அதையும் தாண்டினான். எதிர்க்கரைக்கே வந்த பிறகுதான் மணி பார்த்தான். ஆறே கால்.

வந்த வழியே திரும்பினால் நேரமாகும். மாந்தோப்பு ஒன்றின் ஊடாகக் குறுக்கே போனால் சாலையைப் பிடித்துவிடலாம் என்று வேலியைத் தாண்டிக் குதித்தான். தோப்புக்குள் இரண்டு நாய்கள் இருந்தன. அவை குரைத்துக்கொண்டு துரத்த, இவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட, தோப்பை ஒட்டியிருந்த தெருவுக்குள் அந்தக் கோலத்தில்தான் போய் விழுந்தான்.

"புடிங்க, புடிங்க அவன" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவ்வளவுதான். பல் துலக்கிக்கொண்டிருந்தவன், மாடு கறந்துகொண்டிருந்தவன் எல்லாம் ஓடிவந்து அவனைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் தோளில் கிழிந்தது.

"நான் ஓடறதுக்கு வந்தேங்க" என்றான் பாலு.

"அதத்தான் பாக்கறமே, ஓடிகினு இருக்கறத. எதுக்கு ஓடறன்னு சொல்லு."

"சும்மா. உடம்புக்கு."

"உடம்புக்கு ஓடறவன் வேலி தாண்டியா வருவான்?"

அதற்குள் ஒருவன் டவுசர் பையைத் தடவிவிட்டான். ஜிப்பைத் திறந்ததும் பொடித் தோடு இரண்டும் அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தன. எல்லாரும் அதையும் பாலுவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இவர்கள் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று பாலுவுக்கு விளங்கவில்லை. கத்திய பெண் முன்னால் வந்தபோது விளங்கியது. கன்னியம்மாள் என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் இடுப்பிலிருந்த பெண் குழந்தையின் ஒரு காதில் பெரிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. முந்தின நாள் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் எவனோ அந்தக் காதிலிருந்ததை அறுத்துக்கொண்டு போயிருந்தான். மூன்று தையல்.

கன்னியம்மாள் தோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "என்னுது இல்ல" என்றாள். பிறகு பாலுவின் முகத்தைப் பார்த்து, "எந்தக் கொழந்தையோடதுடா இது?" என்றாள்.

"என் அக்கா பொண்ணோடது. இன்னிக்கு மலை மேல காதுகுத்து. நான் தாய்மாமன்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். "தாய்மாமனா? பட்டு வேட்டி கட்டிகினு சீர்த்தட்டு தூக்க வேண்டியவன் அரை டவுசரோட எங்க மாந்தோப்புல இன்னாத்துக்குக் குதிக்கிறான்?"

நியாயமான கேள்விதானே. ஒருவன் கயிறு எடுத்துவரப் போனான். அடி விழும் என்ற பயத்தைவிட, ஏழரை மணிக்கு அக்கா எப்படி நிற்பாள் என்பதுதான் பாலுவின் கண்முன் வந்துவந்து போனது.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த சமியுல்லா அந்த நேரத்துக்கு வண்டியில் வந்து இறங்கினார். சத்தத்தை அடக்கி நடந்ததைக் கேட்டுக்கொண்டார். "உங்க அக்கா நம்பர் சொல்லு. பேசிப் பாத்துடலாம்" என்று தன் கைபேசியை எடுத்தார்.

இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் தெரியும்? அக்கா என்று தட்டினால் அக்கா வருவாள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். பாலு கண்ணை மூடி யோசித்தான். மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு நம்பர், அவனுடையது.

"என் நம்பருக்கே அடிங்க. போன் லாட்ஜ் ரூம்ல இருக்குது."

"இவன் நம்பருக்கு இவனே அடிக்கச் சொல்றான் பாரு" என்று யாரோ முனகினார்கள். சமியுல்லா அடித்தார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. கயிறு வந்துவிட்டது. சமியுல்லா இன்னொரு முறை அடித்தார்.

"யாரு?" என்றது ஒரு குரல். பங்காருவின் குரல். மச்சானைத் தேடி மலையிலிருந்து லாட்ஜுக்கு இறங்கி வந்திருக்கிறார் என்று பாலு புரிந்துகொண்டான். அந்தக் குரலில் இருந்த கோபம் அவனுக்கு நன்றாகத் தெரிந்த கோபம்.

"இங்க ஏரிக்கரையாண்ட ஒருத்தன புடிச்சு வச்சிருக்கோங்க. ஜோபில கொழந்த தோடு இருக்குது. உங்க மச்சான்னு சொல்றான். மெய்யா?" என்றார் சமியுல்லா.

பங்காரு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழைய கணக்கெல்லாம் தீர்ந்துவிடும். பாலு அவர் இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ, அவனுக்கே நிச்சயமில்லை.

"எனக்கு மச்சான்னு ஒருத்தன் இருக்கான்னு என் பொண்டாட்டி சொல்லிகினு இருக்கறா" என்றார் பங்காரு கடைசியில். "போன்ல நான் எப்படிங்க அடையாளம் சொல்றது? ஒண்ணு கேளுங்க. எம் ரெண்டு வயசுப் பொண்ணு கயலுக்கு ஒரு காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்குது. எந்தக் காதுன்னு கேளுங்க."

எல்லாரும் பாலுவைப் பார்த்தார்கள். வலது என்று சொல்லலாம், இடது என்று சொல்லலாம். பாதிக்குப் பாதி தப்பித்துவிடலாம். அவனுக்குக் குழந்தையின் முகம்கூடச் சரியாக நினைவுக்கு வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தெரியாது பாவா" என்றான், அக்கா புருஷனுக்குக் கேட்கும்படி கைபேசிப் பக்கம் குனிந்து. "நேத்து ராத்திரிதான் கொழந்தைய மொதல்ல பாத்தேன். தூங்கிகினு இருந்துச்சு."

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். கயிற்றோடு ஒருவன் நெருங்கினான்.

"ஆங். அப்ப அவன்தான்" என்றது கைபேசி. "திருடனா இருந்தா எதனா ஒரு காத சொல்லியிருப்பான். தெரியாதுன்னு சொல்றவன் எம் மச்சான் ஒருத்தன்தான். உட்டுடுங்க. புண்ணியமா போவும், கொஞ்சம் சீக்கிரம் கொண்டாந்து மலையடிவாரத்துல இறக்கிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கயிறு கொண்டுவந்தவன் அதை மறைத்துக்கொண்டான். கன்னியம்மாள் தோட்டைப் பாலுவின் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "ரெண்டு வயசு கொழந்தைய நேத்துதான் பாத்தியா நீ?" என்றாள். திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

சமியுல்லா வண்டியை விரட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த பாலு ஏரியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மலைச்சாலை முழுக்கக் கிருத்திகைக்கு வந்த கார்கள் அடைத்து நின்றன. படிக்கட்டு ஆரம்பிக்கும் இடத்தில் பங்காரு வேட்டியும் கையுமாக நின்றிருந்தார். வேட்டியை அவன் மேல் எறிந்தார். "கட்டிகினு ஏறு. அங்க எல்லார்கிட்டயும் நீ குளிக்கப் போயிருக்கன்னு சொல்லிகினு இருக்கறா உங்கக்கா. ஆறு வருஷமா உனக்காக எதனா ஒண்ணு சொல்லிகினேதான் இருக்கறா. ஏறுடா."

பாலு டவுசருக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஏறினான். காவடி எடுத்து ஏறுகிறவர்கள், மொட்டையோடு இறங்குகிறவர்கள், படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாரையும் கும்பிட்டுக் கும்பிட்டு வழி கேட்டு ஓடினான். எத்தனையோ ஊர் மேடுகளை வேடிக்கையாக ஏறியவனுக்குப் பாதியிலேயே மார் அடைத்தது. பங்காருவின் மூச்சு பின்னால் எங்கோ தங்கிவிட்டது. நிற்கலாமா என்று ஒரு தடவைகூட அவனுக்குத் தோன்றவில்லை.

மண்டபத்தில் மனைப்பலகை போட்டாகிவிட்டது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன தடவை உட்கார்ந்த அதே பங்காளி, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையை நோக்கி வந்துகொண்டிருந்தார். பிரபாவதி அவரைப் பார்க்காமல் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைக் கண்டதும், "வந்துட்டான், குளிச்சுட்டு வந்துட்டான்" என்று சத்தமாகச் சொன்னாள். தோள் கிழிந்து, மண்ணும் வியர்வையுமாக நின்ற அவனைப் பார்த்து யாரும் அதை நம்பவில்லை. மாமியார் வாயைத் திறந்தாள், பிறகு என்ன நினைத்தாளோ மூடிக்கொண்டாள்.

பாலு பலகையில் உட்கார்ந்து கையை நீட்டினான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்த கயல் அவனைப் பார்த்ததும் வீறிட்டாள். அம்மாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். இழுத்து உட்கார வைத்தால் வில்லாக விறைத்துக்கொண்டு நழுவினாள். யாரோ ஒருவன், மேலெல்லாம் மண், அவன் மடியில் அவள் ஏன் உட்கார வேண்டும்? "நேரமாவுது" என்றார் ஆசாரி. "எங்கிட்ட குடுங்க, நான் வச்சுக்கறேன்" என்றார் பங்காளி. பாலு நீட்டிய கையை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

மோனிஷா கூட்டத்துக்குள் புகுந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. பாவாடையை ஒதுக்கிக்கொண்டு மாமன் மடியில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பாப்பா, வா" என்று தங்கையைக் கூப்பிட்டாள். கயல் அழுகையை நிறுத்தி யோசித்துவிட்டு, அக்காவின் மடிக்குத் தாவினாள்.

"அப்படி வைக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மாமன் மடியிலதான இருக்குது ரெண்டும்" என்றார் ஆசாரி. "புள்ளைங்கள நல்லா புடிச்சுக்கோங்க."

பாலு இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டான். ஆசாரி குனிந்தார். அப்போதுதான் அவன் பார்த்தான், மச்சம் இடது காதுக்குப் பின்னால் இருந்தது, மிளகு அளவில். படியேறிய கால்கள் இரண்டும் அவனையறியாமல் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

மோனிஷா தலையைத் திருப்பி, "மாமா, கால ஆட்டாம உக்காரு. பாப்பாவுக்கு வலிக்கும்" என்றாள்.

பாலு பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தான்.