ஞாயிற்றுக்கிழமைக் குளிர்

திருவனந்தபுரத்துக்குக் கிளம்பும் வழியில் மீன் குளிர்அறையில் தலைகாட்டிய டெல்வினை, வாசலிலேயே மறித்தாள் அக்கா ஷெர்லி. கடியப்பட்டணத்தில் அந்த அறையை நடத்துபவள் அவள்தான். கையில் ஒரு சாளை மீன். விரல் அழுத்திய குழி மேலெழவில்லை.

“ஏலே, உனக்க பெட்டி நல்லா குளிருதுண்ணு சொல்லுது. மீனு குழையுதுலே!”

“நேத்து சரியாத்தானே இருந்து, அக்கா?”

“நேத்து ஞாயிறு. பூசைய விட்டுட்டு எவன் கடலுக்குப் போனான்? காலி ரூம்ல எல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

பெட்டியிலிருந்து குளிரூட்டும் மெஷினின் ஒயரைப் பிடுங்கி நேராக மின்சாரத்தில் மாட்டினாள். மெஷின் உறுமியது.

அறையின் குளிரை அளந்து மெஷினை ஓட்டி நிறுத்தும் அந்தப் பெட்டிக்குள் ஓடுவது டெல்வின் எழுதிய டிரைவர் நிரல். வெப்பம் அறியும் சென்சார் தானாகப் பேசாது. சிறு மின்னோட்டத்தை அதனுள் செலுத்தி, எழும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். கதவருகே ஒன்று, குளிர்க்குழாயருகே ஒன்று. இரண்டுக்கும் மாறி மாறி ஊட்டுவது ஒரே மின்னோட்ட மூலம். உலகெங்கும் கணினிகளில் ஓடும் லினக்ஸின் மையநிரலான கெர்னலில் அந்த டிரைவரைச் சேர்க்கும்படி அனுப்பியபோது, ஏதோ ஒரு தேசத்திலிருந்து அதன் பொறுப்பாளர் கேட்டிருந்தார்: ஒரே மூலத்தை இரண்டும் பகிர்ந்துகொள்வதில் பிழை வராதா? ‘உண்மையான குளிர்அறையில் சோதித்தாயிற்று’ என்று நேற்றுத்தான் பதில் எழுதினான். இந்த வாரம் ஏற்றுவிடுவார்கள். ஏற்கெனவே இருமுறை தள்ளிப்போன வேலை. இம்முறையும் தவறினால் வேறொருவனிடம் போகும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

பையைக் கழற்றாமலே உள்ளே போனான். கதவருகே தொங்கிய சென்சாரை உள்ளங்கையில் பொத்தினான். பெட்டியின் திரையில் அதன் எண் ஏறியது. ஆனால் யாரும் தொடாத குளிர்க்குழாய்ச் சென்சாரின் எண்ணும் கூடவே ஏறியது. கையை எடுத்தான், இரண்டும் இறங்கின.

அவனுக்கு விளங்கிவிட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னோட்டம் மாறியதும், அது நிலைகொள்ளுமுன்னே அளவெடுக்கச் சொல்லியிருந்தான். முந்தையதன் எச்சம் அடுத்ததில் கலந்தது. கதவருகே வெம்மையேறிய மீனும், குழாயின் குளிரைக் கடன்வாங்கிக் குளிர்ந்ததாய்த் தோன்றியது. ஞாயிறுதோறும் பூட்டிய காலி அறையில் இரண்டு சென்சாரும் ஒரே குளிரில் இருந்தன. கலந்தாலும் வேறுபாடு தெரியாது. அவன் ஊருக்கு வருவதோ ஞாயிறுகளில் மட்டுமே.

இந்தப் பெட்டியில் மட்டும் சற்றுக் காத்திருந்து அளக்குமாறு ஒரு வரி சேர்த்தால் போதும்; மீன் கெடாது, கெர்னலுக்கு ஏற்கெனவே அனுப்பியதும் அப்படியே ஏறிவிடும். கடல்கடந்து வந்து இந்தச் சாளையை யார் தொட்டுப் பார்க்கப்போகிறார்கள்? வெளியே வந்தான், மறுபடி உள்ளே போனான். ஆனால் வடிவமே தவறு: மின்னோட்ட மூலத்தைச் சென்சாரின் உறுப்பாக எழுதியிருந்தான். அது தனித்து நின்று, கேட்பவருக்கு முறை கொடுத்து, நிலைகொண்ட பிறகே ‘இனி அள’ என்று சொல்ல வேண்டும்.

“ஏலே, உள்ளயும் வெளியயும் என்னத்துக்கு அலையுத? கதவச் சாத்து, குளிரு போவுது!”

வெளியே வந்து சாத்தினான். ஐஸ் பெட்டியின்மேல் மடிக்கணினியைத் திறந்து எழுதினான்: தயவுசெய்து இதை ஏற்க வேண்டாம். என் சோதனை காலி அறையில் நடந்தது. அனுப்பிவிட்டு, தோளிலிருந்த பையைக் கழற்றி வைத்தான்.

“பஸ்ஸு போயிருக்கும் மக்கா.”

“போட்டும். நாளைக்கும் ரூம் நிறைய மீனு கெடக்குமா, அக்கா?”

“அத எனக்கிட்டயா கேக்குத? கடல்கிட்டப் போய்க் கேளு.”