கொண்டச்சிக் கருவி பிந்திய வருடம்

பஸ்ரியன் கடலில் காணாமற்போய் மூன்று வருடம் நிறையச் சில கிழமைகள் இருக்கையில், அவருடைய நடை கொண்டச்சி நில அதிர்வுக் கருவியில் பதிவாகத் தொடங்கியது. வலக்காலால் பாரமாக ஓர் அடி, திருக்கை முள் குத்திய இடக்காலால் ஓர் இழுவை. மன்னார்க் கந்தோரில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அன்ரோனெற்றுக்கு அது யாரென்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டினவளுக்குத் தெரியாதா புருசன்ரை நடை?

எல்லாம் ஒரு கழுதையால் வந்தது. கருவி செய்மதியிடம் கேட்டுத்தான் தன் நேரத்தைச் சரிபார்க்கும். பாலம் கடந்து மேய்ந்துபோன மன்னார்க் கழுதையொன்று அதற்கான அன்ரெனா வயரைச் சப்பித் தின்றுவிட்டது. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாதாம். வயரின் வாசனை நன்றாகத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து கருவி பிந்தியது. முதலில் ஒரு செக்கன், பிறகு ஒரு பகல், மாரி முடிவதற்குள் முழுசாக மூன்று வருடம். கருவியைச் சுற்றிய வேலிக்குள் மூன்று வருடத்துக்கு முந்திய மண்தான் அதிர்ந்துகொண்டிருந்தது. கேள்விப்பட்ட சனம் அதிசயப்படவில்லை. சண்டைக் காலத்தில் ஆமிப் பக்கம் ஒரு நேரம், இயக்கத்தின் பக்கம் இன்னொரு நேரமென்று மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பி வாழ்ந்தவர்கள், ஒரு பெட்டி பிந்தியதற்கா வாயைப் பிளப்பார்கள்?

இந்தப் பிழையைப் பிடிப்பதுதான் அன்ரோனெற்றின் உத்தியோகம். கடல் ஓயாமல் முனகும். அந்த முனகல் நிலத்தடியால் பேசாலையிலுள்ள மற்றக் கருவியிலிருந்து கொண்டச்சிக்குப் போகவும் அங்கிருந்து திரும்பி வரவும் ஒரே நேரம்தான் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் ஏதோவொரு மணிக்கூடு பொய் சொல்லுகிறது. அவள் முதல் கிழமையே கண்டுபிடித்துவிட்டாள். திருத்துவதும் பெரிய வேலையில்லை: புது வயர், ஒரு கட்டளை. கருவி ஒரே பாய்ச்சலில் இன்றைக்கு வந்துவிடும், இடையில் கிடக்கும் நாட்கள் இல்லாமற்போகும். ஆனால் அவள் திருத்தவில்லை. முன்பு அவளுக்குக் கொண்டச்சியில்தான் வேலை. பள்ளிவாசலில் பின்னேரத்து அஸர் பாங்கு முடிய பஸ்ரியன் கூட்டிப்போக வருவார். இப்போதும் ஒவ்வொரு பின்னேரமும் அந்த நடை திரையில் கருவியறை வாசல்வரை வந்து நின்றது. பிறகு ஒரு பெண்ணின் காலடி சேர, இரண்டும் ரோட்டுப் பக்கம் போயின. அந்தப் பெண்மேல் அன்ரோனெற்றுக்கு எரிச்சலாக வந்தது. குடுத்துவைச்சவள்!

"அது கழுதையா இருக்கும், அக்கா," என்றான் கருவிக்குக் காவலிருந்த ஷமீர், போனில்.

"கழுதைக்கு நாலு காலெல்லே, ஷமீர்," என்றாள்.

கருவியின் நாட்காட்டியும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. அவர் கடைசியாக வள்ளம் தள்ளிய அந்தச் செவ்வாய்க்கிழமை கிட்ட வந்தது. அதற்குப் பிறகு மண்ணில் அந்த நடை இல்லை. வெறும் வாசலில் ஒருமுறை காத்திருந்தவள் அவள். இன்னொருமுறை அவளால் ஏலாது. கருவியின் திங்கட்கிழமை காலை, மிஞ்சியிருந்த ஒரேயொரு பின்னேரத்தையும் விட்டுக்கொடுத்து, புது வயரோடு கொண்டச்சிக்குப் பஸ் ஏறினாள். மடு மாதாவே என்று கட்டளையைக் கொடுத்தாள். கருவி பாய்ந்தது. அந்தச் செவ்வாயும் அதன் பின்னான மூன்று வருடமும் கொண்டச்சியில் நடக்காமற்போயின. கடலின் முனகல் போகவும் வரவும் சரிசமமாக இருந்தது. அவள் கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதாள்.

பாங்கு சொல்லி முடிந்தது. திரையில் பாரமாக ஓர் அடி விழுந்தது. பிறகு ஓர் இழுவை. நேரத்தைப் பார்த்தாள்; இன்றைய நேரம்.

ஷமீர் எட்டிப் பார்த்தான். "அக்கா, பஸ்ரியன் அண்ணன் வாறார். கேற்றைத் திறக்கட்டோ?"

"ஓம், திற."

தலையில் மூன்று வருட நரை கூடியிருந்தது. சாரம் முழங்கால்வரை நனைந்திருந்தது. வாசலில் வழமைபோல நின்றார்.

"பிந்திப்போனனோ?"

"இல்லையப்பா," என்றாள் அன்ரோனெற். "நேரத்துக்குத்தான் வந்திருக்கிறியள்."

இருவரும் ரோட்டுக்கு நடந்தார்கள். அடுத்த நாள் மன்னார்க் கந்தோரில் அந்தப் பதிவைச் சரிபார்த்தவர்கள், இரண்டு பேருடைய காலடி, நேரத்தில் பிழையில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள்.