தொட்டியில் விட்ட இடம்

ஒயின் புளித்துப்போயிருந்தது. லேசாகக்கூட இல்லை. தொட்டியின் சின்னக் குழாயைத் திறந்து ஒரு வாய் எடுத்ததுமே, மருமகளுக்கு நாக்கிலிருந்து காது வரைக்கும் சுர்ரென்று ஏறியது. சாக்கடைப் பக்கம் ஓடிப்போய்த் துப்பினாள். துப்பிய பிறகும் வாயில் வினிகர்.

"யார்டா இந்தத் தொட்டியத் தொட்டது?" என்று கத்தினாள். புதுத் தொழிற்சாலை, உயரமான கூரை. கத்தியது அப்படியே திரும்பி வந்தது. மூலையில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் 'ஒயினக்கா' என்று கூப்பிடுகிற அவள் கத்தினால் பதில் சொல்லாமல் இருப்பதே உடம்புக்கு நல்லது என்பது அவர்கள் அனுபவம்.

யாரும் சொல்லவேண்டியதில்லை, ஏணியில் ஏறிப் பார்த்தாலே தெரிந்தது. கழுத்து வரைக்கும் நிரம்பியிருக்கவேண்டிய தொட்டியில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெற்றிடம். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அவள் ஊருக்குப் போயிருந்த சமயத்தில் கொழுந்தன் செய்த வேலை. ஹோட்டல்காரர்களுக்கு ருசி காட்ட வேண்டும் என்று புட்டி புட்டியாக இதிலிருந்து பிடித்துக் கொடுத்திருக்கிறான். பிடித்ததற்கு ஈடாக மறுபடி நிரப்பவில்லை. ஏன் நிரப்ப வேண்டும்? அவன் பீரில் பிறந்து பீரில் வளர்ந்தவன். பீர் நுரைத்துப் பொங்கும், அதனால் தொட்டியில் மேலே இடம் விட்டுத்தான் வைப்பார்கள். அந்த வீட்டில் நடக்கப் பழகும்போதே படிக்கும் பாடம் அது. ஒயினுக்கு அந்த இடம்தான் எமன். காற்று உள்ளே உட்கார்ந்துகொண்டு மெல்ல மெல்ல வினிகராக்கிவிடும். இதை அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! சுவரிடம் சொல்லியிருந்தால் சுவராவது கேட்டிருக்கும்.

அந்தக் குடும்பத்துக் கம்பெனி வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூமில், ஒரே ஒரு டிரம்மில் பீராகத் தொடங்கியது. அப்புறம் கார் ஷெட்டுக்கு நகர்ந்தது. கார் வெளியே மழையில் நின்றது. அதற்கப்புறம் ஒரு வாடகைக் கொட்டகை, பின்னே சொந்தக் கொட்டகை. மருமகளாக இவள் வந்தபோது, பீர்ப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மூலையைக் கெஞ்சி வாங்கி நாலைந்து பீப்பாயில் ஒயின் போட்டாள். "அண்ணியோட ஜூஸ் எப்படி இருக்கு?" என்று கொழுந்தன் கிண்டலடித்தான். எல்லோரும் சிரித்தார்கள், கட்டிய புருஷன் உள்பட. இன்றைக்கு அந்த ஜூஸ்தான் பீரைவிட அதிகமாக விற்கிறது. இந்தப் புதுக் கட்டடத்தின் கூரையும், மினுமினுக்கிற ஸ்டீல் தொட்டிகளும், கொழுந்தனின் புதுக் காரும் அந்த ஜூஸிலிருந்து வந்தவைதான். இப்போது யாரும் சிரிப்பதில்லை. நன்றியும் சொல்வதில்லை.

ஆபீஸுக்குள் புயல் மாதிரி நுழைந்தாள். கொழுந்தன் போனில் இருந்தான். தொழிலாளிகள் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'அவசரம்'. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து புது லேபிளை வெளிச்சத்தில் பிடித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, போனை வைங்க. அந்தத் தொட்டி புளிச்சுப்போச்சு. அது புட்டிக்குள்ள போகக்கூடாது."

"அண்ணி, வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்க. மொத்த வியாபாரி வந்துட்டிருக்காரு. லாரி கேட்டுக்கு வெளிய நிக்குது. எல்லாக் கடைலயும் நம்ம ஒயினுக்குத் தனி அலமாரி போட்டு வச்சிருக்காங்க."

"அலமாரில வினிகரை வைக்கவா?"

"லேசா ஒரு புளிப்பு, அவ்வளவுதானே? அதுவும் ஒரு ஸ்டைல்தான் அண்ணி" என்றாள் நாத்தனார், லேபிளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்டைலாம்! மருமகளுக்கு அந்த லேபிளைப் பிடுங்கிக் கிழித்துப்போட வேண்டும்போல் இருந்தது. "நான் போட்ட ஒயினு அது. குடிக்கிறவன் என்னைத்தான் காறித் துப்புவான்" என்றாள்.

"உங்க பேரு எங்க அண்ணி இருக்கு அதுல? கம்பெனி பேருதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவசரம் எழுந்தான். "எதுக்கு வாக்குவாதம்? முதல் கிளாஸ் இருக்கில்ல. அப்பா குடிச்சுப் பார்த்துச் சொல்லட்டும்."

முதல் கிளாஸ் என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆரம்ப காலத்தில் கெட்டுப்போன பீரைத் தெரியாமல் விற்று, தெரு முழுக்கத் திட்டு வாங்கிய பிறகு பெரியவர் போட்டது. எந்தத் தொட்டியைத் திறந்தாலும் முதலில் குடும்பம் அதன் முன்னால் நின்று ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும். பெரியவர் முதலில், அப்புறம் வயதுவாரியாகப் பிள்ளைகள். பிடிக்காதவர் கிளாஸைத் தரையில் ஊற்றலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒருத்தர் ஊற்றினாலும் போதும், மொத்தத் தொட்டியும் சாக்கடைக்குத்தான். நல்ல சட்டம். ஆனால் கிளாஸ் ரத்த சொந்தத்துக்கு மட்டும். வீட்டுக்கு வந்த மருமகள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இத்தனை வருஷமாக அவள் போட்ட ஒயினுக்கே அவள்தான் தட்டுத் தாங்கி!

இதில் இன்னொரு கூத்து. போன மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு பெரியவருக்கு ருசியும் வாசனையும் போய்விட்டது. உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிற மனுஷன், உப்பே போடாத சூப்பை ஒரு வார்த்தை பேசாமல் குடித்து முடித்தார். மேஜையைச் சுற்றி இருந்த எல்லோரும் பார்த்தார்கள். யாரும் மூச்சு விடவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் எல்லாத் தொட்டிக்கும் "நல்லாருக்கு" என்கிறார். மற்றவர்கள் ஆமாம் சாமி போடுகிறார்கள். அப்பா சொன்ன பிறகு ஊற்றுவதற்கு எந்தப் பிள்ளைக்குக் கை வரும்?

மருமகள் புருஷனைத் தேடிப் போனாள். அவன் புட்டி அடைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "என்னங்க, அந்தத் தொட்டி போச்சு. நீங்க குடிச்சாலே தெரியும். மாமா என்ன சொன்னாலும் நீங்க ஊத்திடுங்க. உங்ககிட்ட கிளாஸ் இருக்கு, என்கிட்ட இல்ல."

"பாக்கலாம்" என்றான்.

"என்ன பாக்கலாம்? ஊத்துறேன்னு சொல்லுங்க."

"சரிம்மா, ஊத்துறேன். கத்தாதே, ஆளுங்க பாக்குறாங்க."

மொத்த வியாபாரியை மாடியில் காப்பியோடு உட்கார வைத்துவிட்டு, குடும்பம் தொட்டியின் முன்னால் கூடியது. பெரியவர் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு வந்தார். மருமகள் கிளாஸ்களில் ஒயினைப் பிடித்துத் தட்டில் வைத்து நீட்டினாள்.

பெரியவர் கிளாஸை மூக்குக்குக் கீழே சுற்றினார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி, தலையை ஆட்டினார். "நல்லாருக்கு" என்றார்.

புருஷன் உதட்டை நனைத்தான். அவன் முகம் சுருங்கியதை மருமகள் பார்த்தாள். ஊற்று, ஊற்று என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அவன் அப்பாவைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், கடைசியில் ஷூவைப் பார்த்தான். "நல்லாருக்குப்பா" என்றான்.

"பிரமாதம்" என்றாள் நாத்தனார். "சூப்பர்ப்பா. மெஷினைப் போடச் சொல்லவா?" என்றான் அவசரம்.

மருமகள் தட்டைத் தரையில் போட்டாள். அது போட்ட சத்தத்தில் மெஷின்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"நல்லாருக்கில்ல? அப்போ குடிங்க!" என்றாள். "ஏன் உதட்டை நனைச்சுட்டு நிக்குறீங்க? நம்ம வீட்டு ஒயினுதானே, கிளாஸைக் காலி பண்ணுங்க. பிள்ளைங்க மூணு பேர்ல ஒருத்தராவது காலி பண்ணுங்க, நான் இந்த இடத்தைவிட்டே போயிடுறேன்."

"என்னம்மா இது, என் முன்னாடி குரல் உசருது?" என்றார் பெரியவர். "நல்ல ஒயினைக் குடிக்க இவ சொல்லணுமா?" கிளாஸை அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ம், குடிங்கடா."

யாரும் குடிக்கவில்லை. மூன்று கிளாஸும் ஏறக்குறைய நிறைந்தே இருந்தன. பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"குடிடா" என்றார் சின்னவனிடம், மெதுவாக.

அவசரம் ஒரு பெரிய வாய் எடுத்தான். தொண்டை ஒத்துழைக்கவில்லை. இருமி, சட்டையெல்லாம் துப்பிக்கொண்டான்.

"எத்தனை நாளா தெரியும் உங்களுக்கெல்லாம்?" என்றார் பெரியவர்.

அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. "பெத்த அப்பன் தலையிலயே மிளகா அரைச்சிருக்கீங்க! நான் நல்லாருக்குன்னு சொல்லச் சொல்ல, இளிச்சுக்கிட்டு நின்னீங்களாடா? எவனுக்காவது வாய் இருந்துச்சா?"

"அப்பா, உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..." என்று புருஷன் இழுத்தான்.

"மண்ணாங்கட்டி மனசு! ஊத்துடா அதை!"

புருஷன் ஊற்றினான். சிவப்பாகத் தரையில் பரவியது. நாத்தனாரும் ஊற்றினாள். மருமகள் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் தொட்டியின் அடி வால்வைத் திருகித் திறந்தாள். ஒயின் சீறிக்கொண்டு சாக்கடைக்குள் பாய்ந்தது. மாடியிலிருந்து மொத்த வியாபாரி இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டு அவசரம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஓடட்டும். அவளுக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக நெஞ்சுப் பாரம் இறங்கி மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டாள்.

பெரியவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அந்த வாடையில் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியிருந்தார்கள். அவர் ஓடுகிற ஒயினுக்கு மேலே குனிந்து, நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுத்தார். இன்னொரு மூச்சு இழுத்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றார்.

காலையிலிருந்து யார் என்ன கேட்டாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதில் வைத்திருந்தவள் இப்போது குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தச் சூப்பு அன்னிக்கே, மாமா."

"ஏன் சொல்லலை? எல்லாத்துக்கும் கத்துறவதானே நீ."

"என் ஒயின் நல்லாத்தான் இருந்துச்சு மாமா, ஒவ்வொண்ணும். நீங்க நல்லாருக்குன்னீங்க. எனக்கு... அது போதுமா இருந்துச்சு."

"ஓ" என்றார். "சின்னவனுக்குப் புளிச்சதுக்கு என் வாய் வேணும். உனக்கு நல்லதுக்கு என் வாய் வேணும்."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்கு ஒரு கிளாஸ் கொடுத்திருந்தால் உங்கள் வாய் எனக்கு எதற்கு என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டிருக்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அவர் இன்னும் குனிந்தபடி, காணாமல்போன எதையோ தேடுகிறவர்போல மூக்கைச் சுருக்கிச் சுருக்கி மூச்சிழுத்துக்கொண்டிருந்தார்.

"நான் அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும் மாமா."

"ஆமா" என்றார் பெரியவர், தலையைத் தூக்காமல். "சொல்லியிருக்கணும்."