பச்சை முந்திரியா, நெய் பட்ட முந்திரியா

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹாலுக்கு எந்த பெயிண்ட் அடிப்பது என்று நானும் என் மனைவியும் நான்கு நாள் சண்டை போட்டோம். தோற்றது நான். ஆசையாய் வாங்கி வைத்த என் வாளி எங்கே போனது என்று கேட்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. கதையிலாவது ஜெயிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2.

(முதல் தொடக்கம்: "கந்தர்வக்கோட்டையில் அன்று வெயில் பொன்னிறமாக..." வேண்டாம். பெயிண்ட் கதையில் வெயிலுக்கும் கலர் சொன்னால் விளங்கினாற்போலத்தான்.)

கந்தர்வக்கோட்டையில் புது வீடு கட்டிய பரிமளாவுக்கு ஒரு மனக்குறை. வாசல், ஜன்னல், மாடிப்படி எல்லாமே அவள் கணவன் நாகராசு சார்ஜாவிலிருந்து போனில் சொன்னபடிதான் வந்தன. ஹால் சுவராவது தன் இஷ்டப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தாள். கலர் அட்டையில் அவள் விரல் வைத்தது பச்சை முந்திரிப் பருப்பின் நிறம். அவன் கேட்டதோ அதே முந்திரியை நெய்யில் காட்டி எடுத்த நிறம்.

"ரெண்டும் ஒண்ணுதானேடி?" என்றான் வீடியோ காலில்.

"ஒண்ணுதான்னா நான் சொன்னதையே அடிச்சுட்டுப் போவோம், விடுங்க."

"அது எப்புடி?"

3.

பெயிண்டர் பெயர் வெள்ளைச்சாமி. (நான் வைத்த பெயர்தான். மாற்றலாம் என்று பார்த்தேன், மனிதர் கோபித்துக்கொள்வார் போலிருந்தது.)

பரிமளா ஒரு வாளி வாங்கி வைத்தாள். நாகராசு கடைக்கே போன் போட்டு இன்னொன்றை இறக்கினான். பேங்குக்குப் போன பரிமளா திரும்பி வருவதற்குள் ஹால் முடிந்துவிட்டது.

"அண்ணே, எந்த வாளிய எடுத்தீங்க?"

"ரெண்டையும்தாம்மா. ரெண்டு வாளி வந்தா ஒண்ணாக் கலந்துதான் அடிப்போம். இல்லாட்டி செவுரு திட்டுத்திட்டாத் தெரியும்ல?"

பரிமளா அழுதேவிட்டாள். சிரிப்புக் கதையில் இவள் ஏன் அழுகிறாள் என்று அந்த வரியை மூன்று முறை அடித்தேன். மனசு கேட்கவில்லை, திரும்ப எழுதிவிட்டேன். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு சுவர்தான்.

4.

லீவில் வந்த நாகராசு ஹாலைச் சுற்றிப் பார்த்தான். "பாத்தியா, நான் சொன்ன கலரு எம்புட்டு எடுப்பா இருக்கு!"

முடிவு ஒன்று: பரிமளா உண்மையைப் போட்டு உடைத்து...

முடிவு இரண்டு: "ஆமாங்க" என்று சிரித்துக்கொண்டே...

இரண்டும் ஒட்டவில்லை. என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்து எங்கள் ஹால் சுவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"நம்ம பெயிண்டர் எங்கிட்ட மட்டும் சொன்னது ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

பரிமளா என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஹாலில் கொஞ்சம் வேலை இருக்கிறது.