பரிந்துரைப்பவர் பெயர், தொலைபேசி எண்

இது நாலாவது விண்ணப்பம். முதல் மூன்றும் போன இடம் தெரியவில்லை. கணவன் இறந்து ஒரு வருடமாகிறது. வீட்டில் மருமகளான அவளும் பக்கவாதத்தில் விழுந்த மாமனாரும்தான். தெருமுனை மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை கிடைத்தால், மத்தியானம் ஓடி வந்து அவருக்குச் சாப்பாடும் கொடுத்துவிடலாம். கிடைக்காவிட்டால் வேறு வழியில்லை.

எதிர்வீட்டு அக்கா ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்குகிறவள். பழைய ரெஸ்யூமேயை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உயரம், எடை, ரத்த வகை... அவங்க என்ன உனக்கு ரத்தமா ஏத்தப் போறாங்க? செஞ்ச வேலை எங்க?"

"அதான் கிடங்கு உதவியாளர்னு போட்டிருக்கேனே அக்கா."

"போட்டா போதுமா? என்னென்ன பாத்த, எப்படிப் பாத்த, சொல்லு. படிக்கிறவன் அரை நிமிஷம்தான் பாப்பான்."

துருவித் துருவிக் கேட்டு எழுதினாள். எட்டு வருடம், எண்ணூறு வகை மருந்து, காலாவதிச் சரக்கு ஒன்றுகூட வெளியே போனதில்லை. படித்தபோது, யாரோ ஒரு கெட்டிக்காரியைப் பற்றி எழுதியதாகவே மருமகளுக்குத் தோன்றியது. அடுத்து வந்தது வேலைக்கே போகாத ஆறு வருட ஓட்டை. சும்மா சொல்லக்கூடாது, அக்கா அதைப் பூசி மெழுகவில்லை. 'வீட்டில் நோயாளியைப் பராமரித்தேன்' என்று ஒரே வரியில் போட்டுவிட்டுப் போனாள்.

மிச்சமிருந்தது பரிந்துரைப்பவர் பெயர். பழைய முதலாளி காலமாகிவிட்டார், கிடங்கையும் மூடியாயிற்று. வேறு யாரைத் தெரியும் அவளுக்கு? என்ன தைரியமோ, மாமனார் பெயரைப் போட்டாள். 'ஓய்வுபெற்ற கிடங்கு மேற்பார்வையாளர்' என்று எழுதினாள், அது பொய்யில்லை. உறவை மட்டும் எழுதாமல் அனுப்பிவிட்டாள். அவரிடமும் மூச்சு விடவில்லை. ஆறு வருடத்தில் ஒருநாள்கூட நல்ல வார்த்தை சொல்லாத மனுஷர், கேட்டால் வள்ளென்று விழுவாரே!

வியாழக்கிழமை காலை அவர் போன் அடித்தது. கையில் பிடிக்க முடியாததால் கட்டிலில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டுச் சத்தமாகப் பேசுவது அவர் வழக்கம்.

"மருந்துக் கிடங்கிலிருந்து பேசறேன் சார். வேலைக்கு மனு போட்ட அம்மா, பரிந்துரைக்கு உங்க பேரைக் குடுத்திருக்காங்க. அவங்களைத் தெரியுமா?"

கிழவர் நிமிர்ந்து மருமகளை முறைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும். ஆறு வருஷமா அவ வேலையைப் பாக்கறேன். ஒரு மாத்திரை நேரம் தவறினதில்ல. டாக்டர் தப்பா எழுதினதையே கண்டுபிடிச்சுக் கேட்டவ. எதுத்துப் பேசுவா. பேசினா சரியா இருக்கும்."

அவள் கதவை விட்டாள்.

"வீட்ல ஒரு நோயாளின்னு போட்டிருக்காங்க. அடிக்கடி லீவு கேப்பாங்களோன்னுதான் யோசனை."

அவள் தோளைப் பிடிக்காமல் கழிப்பறைவரைகூடப் போக முடியாத மனிதர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"அந்த ஆளா? அவர் தேறிட்டார். தானே எந்திரிச்சு நடக்கறார். நானே பாத்தேன்."

"அப்ப திங்கக்கிழமை வரச் சொல்லிடறோம் சார்."

போன் அணைந்தது. அவள் பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"அழறதை அப்புறம் வச்சுக்க. நாலு நாள்தான் இருக்கு," என்றார் அவர், கட்டில் விளிம்புக்கு நகர்ந்தபடி. "தள்ளி நில்லு. பிடிக்காத."